இல்லாத தழும்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அரை மணி நேரமாவது கண்ணை மூடியாக வேண்டும், ஐயா. முப்பத்தொரு வருடப் பழக்கம் அது. பிரசவம் பார்க்கிற டாக்டர் ஒருத்தி தினமும் மதியம் தூங்குகிறாள் என்றால் என்னோடு படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். பாவம், அவர்களெல்லாம் நாற்பது வயதிலேயே கண்ணுக்குக் கீழே கருவளையம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் ஆண்டுவிழாவைக்கூடப் பார்க்காமல் ஓடியவர்கள். என் மகளின் ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

விசாரணைதானே, நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியைத்தான் பூட்டிவிட்டீர்களே.

சின்ன ஆஸ்பத்திரி. நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டின் மேல், பன்னிரண்டு படுக்கை. பெர்மனென்ட் வேலைக்காரர்களின் குடும்பங்கள் உள்ளேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளும். என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்களின் மனைவிகள், சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள். மயக்க மருந்து டாக்டர் கடலூரிலிருந்து திங்களும் வியாழனும் காலையில் வருவார். ஒரு மணிக்குத் திரும்பிவிடுவார். ஆகவே என் ஆஸ்பத்திரியில் குழந்தைகளும் திங்களும் வியாழனும்தான் அதிகம் பிறந்தன. குடும்பங்களுக்கும் அது பிடித்திருந்தது. மைன்ஸில் இருக்கும் கணவன் முன்கூட்டியே ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம். ஜோசியரைக் கேட்டு நேரம் குறித்துக்கொண்டு வரலாம். இப்படி ஒரு வசதியைக் குறை சொன்னவர் யாரும் இல்லை.

மலர்கொடி கதைக்கு வருகிறேன்.

முத்தாண்டிக்குப்பம் பெண். முந்திரிக் கொட்டை உடைக்கிற கம்பெனியில் வேலை. கணவன் அருண்குமார் இரண்டாவது சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் ஆள். அவன் அதிகம் பேச மாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்களை ஒளித்துக்கொண்டே சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் குழந்தை ஒன்பது வருடத்துக்கு முன்னால். ஆபரேஷன். நான்கு வருடம் கழித்து இரண்டாவது, அதுவும் ஆபரேஷன். இரண்டும் பெண். இரண்டும் வியாழக்கிழமை. சென்ற ஆண்டு மூன்றாவது தடவை உண்டாகி என்னிடம் வந்தபோதுதான் புதிதாக ஒரு பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்த ஒண்ணையாவது நானே பெத்துக்கணும் டாக்டரம்மா."

"எதுக்கு மலர் உனக்கு இந்த ஆசை?"

"ஆசைன்னு இல்லீங்க. ரெண்டாவதுக்கு அப்புறம் மூணு மாசம் என்னால ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல. அவரு ஷிப்ட்டுக்குப் போய்டுவாரு. வூட்ல வேற ஆளு கெடையாது. இப்ப ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு வயித்த வேற அறுத்துகினா நான் என்னா பண்றது, சொல்லுங்க."

இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு சுகப்பிரசவம் உலகத்தில் எங்கும் கிடையாது என்று சொன்னேன். அது உண்மையில்லை. என் ஆஸ்பத்திரியில் கிடையாது என்பதுதான் உண்மை. அப்படி ஒரு பெண்ணை வலியெடுக்க விட வேண்டுமானால் ஆபரேஷன் தியேட்டர் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும். மயக்க டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ரத்தம் கையிருப்பில் இருக்க வேண்டும். டாக்டரும் விழித்திருக்க வேண்டும். பழைய தழும்பு பிரிந்துவிட்டால் தாயும் குழந்தையும் போய்விடலாம். நூற்றில் ஓரிருவருக்குத்தான் அப்படி ஆகும் என்றாலும் ஆகக்கூடியதுதான். ஆகவே நான் மறுத்ததில் தப்பில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.

அவள் கையில் போன் இருந்தது. தேடி, விசாரித்து, பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே சத்யப்பிரியா என்று ஒரு இளம் டாக்டர். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். முயன்று பார்க்கலாம், பக்கத்திலேயே இருந்து கவனிப்போம், ஏதாவது சரியில்லை என்றால் உடனே ஆபரேஷன் செய்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் பழைய ஆபரேஷன் இரண்டின் குறிப்பும் வேண்டும், கர்ப்பப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று தெரிய வேண்டும் என்றாராம்.

இது உங்களுக்குப் புரிய வேண்டும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டினால் தழும்பு உறுதியாக இருக்கும். மேல் பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் அது வலியைத் தாங்காது. அந்தத் தழும்புள்ள பெண்ணை எந்த நல்ல டாக்டரும் வலி வரும்வரை விட்டுவைக்க மாட்டார். முப்பத்தாறு வாரம், முப்பத்தேழு வாரத்திலேயே அறுத்துக் குழந்தையை எடுத்துவிடுவார்கள். வெளியே வயிற்றுத் தோலில் இருக்கும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

மலர்கொடிக்கு நான் இரண்டு தடவையும் கீழேதான் வெட்டினேன். அழகாகவே வெட்டியிருந்தேன்.

ஒரு டிபன் பாக்ஸ் நிறையப் பலாச்சுளையோடு வந்து அவள் அந்தக் குறிப்பைக் கேட்டாள். ஏழாம் மாதம். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பினேன். சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் பலாச்சுளையைச் சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய பழைய ஃபைலை எடுத்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஃபாரங்களில் எங்கள் பழைய போன் நம்பர்தான் அச்சாகியிருக்கும். அந்த ஃபாரக் கட்டிலிருந்து மிஞ்சிய எழுதாத தாள்கள் கொஞ்சம் அலமாரியில் கிடந்தன. ஒன்றை எடுத்து முதல் ஆபரேஷன் குறிப்பைப் புதிதாக எழுதினேன். வெட்டு: மேல் பகுதி, நெடுக்கு. காரணம்: குழந்தை குறுக்காகக் கிடந்தது. வேறு வேறு மையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டேன், கையெழுத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். பத்து நிமிட வேலை.

அந்த நேரத்தில் நர்ஸ் பார்வதி உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருந்தவள். மேசையில் இருந்ததைப் படித்தாள்.

"மேடம், அன்னைக்கு நான்தானே உங்களுக்குக் கத்தி எடுத்துக் குடுத்தேன். கீழதானே வெட்டினோம்?"

"உனக்கு நினைவு தப்புது பார்வதி. சர்க்கரை பார்த்தியா?"

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மறுநாள் போய்ச் சர்க்கரை பரிசோதித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மலர்கொடியிடம் தாளைக் கொடுத்து அதில் இருந்ததை விளக்கினேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"கொழந்த குறுக்க இருந்துச்சா? நாடித் துடிப்பு கொறஞ்சிப் போச்சின்னுதானே அன்னிக்குச் சொன்னீங்க?"

"ரெண்டும்தான். உன்னைப் பயமுறுத்த வேணாம்னு ஒண்ணை மட்டும் சொன்னேன்."

உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "இம்மாம் பெரிய கண்டத்துலேர்ந்து காப்பாத்தி இருக்கீங்க. அது தெரியாம நான் பாட்டுக்கு ஊரு ஊரா அலைஞ்சிகினு இருக்கேன்" என்றாள். எனக்குக்கூட மனம் இளகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் சத்யப்பிரியா போன் செய்தார். மரியாதையான பெண். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். மேல் பகுதியில வெட்டினது உறுதிதானே? இதை வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும்" என்று கேட்டார். உறுதி என்றேன். குழந்தை எப்படிக் கிடந்தது, கை எந்தப் பக்கம் இருந்தது என்றெல்லாம் சொன்னேன். எனக்கே அந்தக் குழந்தை கண்ணுக்குத் தெரிந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவளுடைய நன்மைக்குத்தான். வலி வந்து, ஏதோ ஒன்று பிரிந்து, அந்த இரண்டு பெண் குழந்தைகளும் தாயில்லாமல் நின்றால் யார் பொறுப்பு? இன்னொன்றும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மூன்றாவதை அவள் தானாகவே பெற்றுவிட்டால், முதல் இரண்டும் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். முத்தாண்டிக்குப்பத்தில் மட்டும் நூறு பெண்களாவது என் மேசையில் படுத்து எழுந்தவர்கள். மலர்கொடி பேசுகிறவள் என்று சொன்னேனே. ஒருத்தி கேட்டால் எல்லோரும் கேட்பார்கள். ஊரின் நிம்மதி கெடும்.

முப்பத்தாறாவது வாரம் முடிந்ததும் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. நான் கொடுத்த தாளை நம்பியவர்கள் செய்ய வேண்டியதைத்தான் அவர்கள் செய்தார்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறந்ததும் டாக்டர் சத்யப்பிரியா மேல் பகுதியைத்தான் முதலில் பார்த்தாராம். மேல் பகுதி வழவழவென்று இருந்திருக்கிறது, கத்தியே படாத மாதிரி. கீழே குறுக்கே மட்டும் பழைய தழும்பு, திடமாக.

பையன். இரண்டே கால் கிலோ. அந்த வாரத்தில் எடுக்கிற குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இவனுக்கு நுரையீரல் சரியாக விரியவில்லை. மெஷினில் வைத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து மலர்கொடியும் அவள் கணவனும் என்னிடம் வந்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அருண்குமார் கதவருகில் நின்றான். அந்த டாக்டர் அவர்களிடம் எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

"மேல தழும்பே இல்லன்னு சொல்றாங்க டாக்டரம்மா."

"சிலருக்கு மறைஞ்சுடும் மலர். நல்ல உடம்பு உனக்கு."

அவள் அதை யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ அவன இன்னும் கொஞ்ச நாளு உள்ளயே விட்டிருக்கலாமா? இருந்திருப்பானா?"

நான் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். "நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையாம என்கிட்டயே இருந்திருந்தா, முப்பத்தெட்டு வாரத்துல நானே எடுத்திருப்பேன். இப்போ மடியில வச்சிருப்பே" என்றேன்.

இதில் பொய் எது, சொல்லுங்கள். முப்பத்தெட்டு வாரத்தில் எடுத்திருப்பேன்தான்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே, "எல்லாம் என்னாலதான், நானே பெத்துக்கணும்னு அடம் புடிச்சனே" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் பெண்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள், என் அனுபவத்தில். இப்போது அவள் முந்திரிக் கம்பெனிக்குப் போவதில்லை, பேசுவதும் குறைந்துவிட்டது என்கிறார்கள். காலம் ஆகும்.

அருண்குமார் மட்டும் போகும்போது திரும்பிப் பார்த்தான். "தழும்பு மறையுமா மேடம்? எனக்கு கன்வேயர்ல அடிபட்டு இருபது வருசமாவுது, கையில இன்னும் அப்படியேதான் கீது" என்றான். அவன் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். நேராகப் பார்வதி வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து உங்களிடம்.

உங்கள் கையில் இருக்கும் அந்தப் பழுப்புத் தாள் பார்வதியின் கையெழுத்து. முதல் பிரசவத்தன்று அவள் நேரம் போட்டு எழுதிவைத்தது. ஃபைலிலிருந்து எப்போது எடுத்தாளோ, எனக்குத் தெரியாது. நான் நினைத்ததைவிட அவள் நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. கொடுங்கள், நானே வாசித்துவிடுகிறேன். என் கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்பது மணி. கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. பத்தரை மணி, ஏழு. பதினொன்றே கால், ஒன்பது; பத்தானால் முழுத் திறப்பு. தலை நன்றாக இறங்கியிருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பு நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பது. எங்கேயும் குறையவில்லை.

ஆமாம் ஐயா, இது சரியான கணக்குதான். அன்று மயக்க டாக்டரிடம் மூன்று ஆபரேஷன் என்று சொல்லி வரவழைத்திருந்தேன். இரண்டு முடிந்துவிட்டது. மனிதர் கடலூரிலிருந்து வந்திருக்கிறார், மூன்றாவது இல்லை என்று எப்படிச் சொல்வது? மலர்கொடியை மேசையில் ஏற்றும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தல வந்துகினு இருக்குது டாக்டரம்மா, எனக்குத் தெரியுது" என்றாள். அவள் சொன்னது சரிதான். இன்னும் இருபது நிமிடம் விட்டிருந்தால் தானாகவே பெற்றிருப்பாள்.

அதனால்தான் அவசரப்பட்டேன்.