மீனம்பாள் கொல்லையில் நிற்கும் மஞ்சள் செடி

சிங்கவரம் விவசாயிகளை ஏமாற்றியவர் விதைப் பண்ணை முதலாளி கோவிந்தராஜ். நான் அல்ல.

என் பெயர் அமீர் ஜான், வயது 24, தகப்பனார் பெயர் உமர் பாரூக், செஞ்சி கோட்டைச் சாலையில் குடியிருக்கிறேன். மூன்று வருடமாக மேற்படி கோவிந்தராஜின் கண்ணாடிக் கூடத்தில் கூலி வேலை செய்துவந்தேன். அங்கே இரண்டு வகைத் தக்காளி இருந்தன. சிவப்பு, செடிக்கு அறுபது காய் பிடிக்கும், சப்பென்று தண்ணீராக இருக்கும். மஞ்சளில் சதையும் இனிப்பும் உண்டு, இருபது காயைத் தாண்டாது. சிவப்புச் செடியின் விரியாத மொட்டில் சாமணத்தால் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிட்டு, மஞ்சள் பூவின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டுவது என் வேலை. அந்த விதையில் முளைத்தவை அத்தனையும் சிவப்பாக, சதைப்பற்றோடு, நிறையக் காய்த்தன. 1966 ஆடியில் அதை நட்ட நாலு பேரும் நன்றாக எடுத்தார்கள். அதன் பிறகு விதை கேட்டு ஊரே வந்தது. மொட்டு மொட்டாகத் தடவ நாளாகும் என்று, கூடத்தில் வளர்ந்த அந்தக் கலப்புச் செடிகளில் பழுத்த பழத்தின் விதையையே பொட்டலம் கட்டச் சொன்னார் முதலாளி. அடுத்த தலைமுறை ஒன்றுபோல வராது, பிரிந்துவிடும் என்றேன். "உன் வேலை கட்டறது" என்றார். கட்டினேன். அது என் தவறு, மறைக்கவில்லை.

அதன் பிறகு அந்த விதையை நட்டவர்கள் கொல்லையில் தை மாதம் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்தது. இளையபெருமாள் என்பவர் தன் செடிகளைப் பிடுங்கிவந்து என் வாசலில் போட்டு, "இன்னாடா, ரெண்டு வூட்டுப் புள்ளைங்கள ஒரே பொட்டலத்துல கட்டிட்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் மஞ்சள் விதையைத் திருடிக் கலந்ததாக முதலாளி புகார் கொடுத்தார். அவர் சொல்லி மற்றவர்களும் பிடுங்கி எரித்தார்கள்.

அதன் பிறகு செடிகளை எண்ணிப் பார்க்க மீனம்பாள் என்பவரின் கொல்லைக்குப் போனேன். அவர் மட்டும் பிடுங்கவில்லை. "எங்க நைனா செகப்பு, அம்மா கருப்பு. நாங்க நாலு பேரும் ஒரே மாதிரியா பொறந்தோம்? எண்ணிப் பாரு தம்பி, தண்ணி நான் ஊத்துறேன்" என்றார். கிணற்றில் அடிமண் தெரியும் மாசியில், விலைபோகாத செடிகளுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். அறுபத்துநாலு செடியில் நாற்பத்தொன்பது சிவப்பு, பதினைந்து மஞ்சள். ஒரு மஞ்சள் செடியில் ஐம்பத்தெட்டு காய் எண்ணினோம். நான் மஞ்சள் விதையைக் கலந்திருந்தால் அதில் இருபதுக்கு மேல் காய்த்திருக்காது. சிவப்புத் தாயின் காய்ப்பும் மஞ்சள் தகப்பனின் நிறமும் ஒரே செடியில் சேர்ந்தது, பழத்து விதையைக் கட்டியதால்தான்.

எல்லோரும் திருடன் என்றபோது அந்த அம்மாள் எனக்கு மோர் கொடுத்து வரப்பில் உட்காரவைத்தார். இதை எழுதிக்கொள்ளக் கேட்டேன். வழக்குக்குத் தேவையில்லை என்ற ஏட்டு ஐயா பிறகு எழுதிக்கொண்டார். அவருக்கும் நன்றியுடையேன்.

படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) அமீர் ஜான்

கையெழுத்துக்குக் கீழே எழுதச் சொன்னது: பங்குனி வெயிலில் அந்த மஞ்சள் செடி இன்னும் நாலைந்து நாள்தான் தாங்கும். காயுமுன் காவல் ஆய்வாளர் நேரில் வந்து எண்ண வேண்டும். எந்த நாள் வருவார் என்பதை இங்கேயே குறிக்க வேண்டும்.

வரும் நாள்: ____________