அழைக்க வேண்டிய எண்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் மூத்த கட்டடக் கலைஞர்களே! கணவர் வாங்கப்போகும் பரிசைக் காண வந்து, கைக்குட்டைக்குள் கொட்டாவியை மறைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! டைல்ஸ் ஒட்டியே தேய்ந்துபோன முழங்கால்களின் சொந்தக்காரர்களே! கடைசி வரிசையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் என் குழாய்ப் பணித் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் கரம் குவித்த வணக்கம்!

தொடங்கும் முன் ஒரு மன்னிப்பு. எல்லோரும் போனை அணைத்துவிடுங்கள் என்று தலைவர் சொன்னார். நான் அணைக்கவில்லை. அணைக்கவும் மாட்டேன். தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் சிறந்த நவீனக் குளியலறை என்று என் வீட்டுக் குளியலறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். என்ன அறை அது! எப்பேர்ப்பட்ட அறை அது! கால் பட்டால் கதகதக்கும் தரை! கண்விழித்த முகம் கண்டால் காலை வணக்கம் கூறும் கண்ணாடி! கை நீட்டும் முன்பே கனிந்து சுரக்கும் குழாய்! உள்ளே போனவர் இருபது நிமிடம் அசையாமல் கிடந்தால் ஆளை அழைக்கும் அறிவு! இத்தனையும் யாருக்காக? ஒரே ஒரு துண்டு தொங்கும் கம்பிக்காக! ஒரே ஒரு பல்துலக்கி நிற்கும் குவளைக்காக! எனக்கு வயது ஐம்பத்தெட்டு. தனிக்கட்டை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணே!" என்கிறார் கடைசி வரிசைத் தம்பி. தம்பி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. உங்க வீட்டம்மா முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க.

நான் அமைத்துத் தரும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு படிவம் உண்டு. தண்ணீர் எத்தனை சூடு, விளக்கு எத்தனை வெளிச்சம் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கட்டம்: ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண். அதைக் காலியாக விட்டால் இயந்திரம் ஏற்காது. அப்படி அமைத்தவன் அடியேன்தான். என் வீட்டுக்கு நிரப்பியபோது அந்தக் கட்டத்தில் வந்து நின்றேன். யார் எண்ணைப் போடுவது? அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். என் போனில் எழுநூறு எண்கள் இருந்தன. சிமெண்ட் கடை, மணல் லாரி, கண்ணாடி வெட்டுபவர்... நான் விழுந்தால் ஓடி வா என்று அவர்களில் எவரிடம் சொல்வேன்? கடைசியில் என் எண்ணையே போட்டேன். இயந்திரம் நன்றி என்றது.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சோப்பு நழுவியது, நான் வழுக்கினேன், இடுப்பில் ஏதோ முறிந்தது. எழ முடியவில்லை. ஷவரை நிறுத்தும் பொத்தான் எட்டவில்லை. துண்டு வடிகாலை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தேங்கி ஏறியது. "காப்பாத்து!" என்று கத்தினேன். "அந்தப் பெயரில் பாடல் எதுவும் இல்லை" என்றது கண்ணாடி. தரையில் கிடப்பவன் சென்சார் கண்ணுக்குத் தெரிய மாட்டான். ஐந்து நிமிடத்தில் விளக்கு தானாக அணைந்தது. இருபதாவது நிமிடம், நான் சொல்லிக் கொடுத்தபடியே, அறை ஆளை அழைத்தது.

படுக்கையறையில் என் போன் அடித்தது.

அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. என்னைத் தேடி என் போன் அடிக்கிறது, எடுக்க வேண்டியவன் ஈரத்தரையில் கிடக்கிறேன். பிறகு குளியலறை ஒலிபெருக்கி பணிவாக எனக்கே சொன்னது: "நீங்கள் அழைத்த நபர் பதிலளிக்கவில்லை." தோழர்களே, இடுப்பு வலித்தபோது நான் அழவில்லை. அப்போதுதான் அழுதேன்.

யார் காப்பாற்றினார்கள்? சென்சாரா? கண்ணாடியா? இல்லை! என்னைக் காப்பாற்றியது ஓர் ஒழுகல்!

கீழ்வீட்டில் ஒரு தையற்காரம்மா. துணி வெட்டும் மேசைமேல் என் குளியலறைத் தண்ணீர் சொட்டுகிறது என்று இரண்டு வருடமாகச் சண்டை. உங்கள் கூரையில்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லிவந்தேன். பொய்! நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு நாள் காய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். என் வீட்டில், கண்ணாடி பொருத்தும் ஆள் வந்துவிட்டார் என்ற அவசரத்தில், ஒரே நாளில் டைல்ஸ் ஒட்டினேன். அந்தத் திருட்டுதான் அன்று என்னைக் காட்டிக்கொடுத்தது.

வாசல் கதவு அதிர்ந்தது. "என்ன சார், மறுபடியும் சொட்டுதே! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம போமாட்டேன்!"

"அம்மா, விழுந்துட்டேம்மா!"

"நடிக்காதீங்க சார்!"

"சத்தியமா விழுந்துட்டேன்!" என்று கதவுப் பூட்டின் எண்ணைக் கத்திச் சொன்னேன். குளியலறைக் கதவு திறந்தேதான் இருந்தது. தனியாக இருப்பவன் யாருக்கு வெட்கப்பட்டுச் சாத்துவான்? உள்ளே வந்தவர், சொட்டில் நனைந்ததைக் காட்டிச் சண்டை போடக் கொண்டுவந்த திரைச்சீலையை என்மேல் போர்த்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "யாருக்குப் போன் பண்ணணும்? நம்பர் சொல்லுங்க."

நான் திரைச்சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என்னையே பார்த்தார். "சரி, இனிமே என் நம்பரைப் போடுங்க. ஆனா முதல்ல அந்த ஒழுகலைச் சரி பண்ணுங்க."

மருத்துவமனையிலிருந்து வந்ததும் பழைய படிவங்களை எடுத்தேன். நான் அமைத்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு குளியலறைகள். எத்தனை பேர் தங்கள் எண்ணையே போட்டிருந்தார்கள் தெரியுமா? நாற்பத்தொரு பேர்! என் கண்ணால் பார்த்து, என் விரலால் தட்டி ஏற்றிய எண்கள்! டைல்ஸ் என்ன நிறம் என்று நாற்பது முறை கேட்டவன், ஏங்க உங்க நம்பரையே குடுக்குறீங்க என்று ஒரு முறை கேட்டேனா? கேட்டேனா? கேட்கவில்லை!

ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, அந்தக் கட்டங்களில் என் எண்ணைப் போட்டேன். போனை அணைக்காததன் காரணம் இதுதான் தலைவரே.

போன வாரம் முதல் அழைப்பு. ஓய்வுபெற்ற தட்டச்சாளர் அம்மா ஒருவரின் குளியலறை. தடியை ஊன்றிக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன். கதவு திறந்தது. தலை வாரி, நல்ல புடவை கட்டி நிற்கிறார்! மேசையில் இரண்டு கோப்பைத் தேநீர்.

"இருபது நிமிஷம் ஆடாம அசையாம உட்கார்ந்தா நீங்க வருவீங்கன்னு சொன்னீங்களே. நிஜமான்னு பார்த்தேன்."

கோபம் வர வேண்டும், வரவில்லை. உட்கார்ந்து குடித்தேன். குடித்து முடித்தும் எழுந்து வர மனமில்லை. அந்த வாரம் முழுக்க என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே, அவையோரே! ஒழுகும் அறைக்கு எதற்கு விருது? திருப்பித் தருகிறேன். பதிலுக்கு இதோ அந்த நாற்பத்தொரு பேரின் படிவங்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் குழாய் ஓடும் வழி தெரிந்த நமக்கு, சுவருக்குள் வாழும் மனிதரைத் தெரிய வேண்டாமா? அந்தக் கடைசிக் கட்டத்தில் உங்கள் எண்ணைக் கொடுங்கள். கொடுத்தபின்...

பொறுங்கள். என் போன்தான் அடிக்கிறது. தட்டச்சாளர் அம்மா வீடு.

விழுந்திருக்கலாம். தேநீர் ஆறிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் நான் போக வேண்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, முறைத்த தலைவருக்கும் நன்றி, எல்லோருக்கும் வணக்கம். தம்பி, கடைசி வரிசைத் தம்பி, வண்டியை எடுங்க! ஹலோ... ஆமாம்மா, நான்தான். வந்துக்கிட்டே இருக்கேன்.