எட்டு கார்பன் பல்பு

முத்திருளன்: ...பதினாறு அடிம்மா. மூங்கில நட்டு அளந்துட்டேன். நாப்பதுக்கு இருபது வார்டு, ஒசரம் பதினாறு.

சகாயமேரி: நாலு நாளா அளந்துக்கிட்டேதான் இருக்க. கதகதப்பு வர்ற வழியச் சொல்லுப்பா.

முத்திருளன்: சொல்றேன் நர்சம்மா. இம்புட்டுப் பெரிய ரூமச் சூடாக்குனா, சூடு எங்க போகும் தெரியுமா?

சகாயமேரி: எங்க?

முத்திருளன்: மேல. அந்தா, உத்தரத்துல ரெண்டு பல்லி கெடக்குல்ல... அதுகதான் சொகமாக் குளிர் காயும். கீழ இருளாயி புள்ள வெறைச்சுக்கிட்டு...

சகாயமேரி: வாயக் கழுவு! புள்ளையப் பத்தி அப்பிடிப் பேசாத.

முத்திருளன்: தப்புதாம்மா. வாய் தவறிருச்சு.

சகாயமேரி: ஏழு மாசத்துல பொறந்தது. பொறந்து அஞ்சு நாளாச்சு. என் ஒத்தக் கைக்குள்ள அடங்குது. வெந்நிப் புட்டிய மாத்தி மாத்தி வச்சு என் விரலெல்லாம் வெந்து போச்சு. பொழுது சாஞ்சா மார்கழிக் குளிரு வேற. "அதுக்குள்ள உங்க வயர்மேன் ஒரு வழி பண்ணலைன்னா, பழையபடி கரிக்கணப்பு வச்சிருங்க"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க.

முத்திருளன்: கரி வேணாம்.

சகாயமேரி: வேணாம்.

முத்திருளன்: ...நீங்களும் வேணாங்குறீங்க.

சகாயமேரி: வேணாம்னா வேணாம். ஏன் எதுக்குன்னு கேக்காத. இருளாயியோட ஆத்தா காலையில இருந்து ஒரே பிடியா நிக்கிது, சன்னலச் சாத்து, கணப்பு மூட்டுன்னு. பச்சப்புள்ளைக்குக் காத்து ஆகாதாம். ஓட்டு வீட்டுல அப்பிடிச் செய்யலாம், ஓட்டுச் சந்து வழியா பொகை போயிரும். இது மச்சுக் கட்டடம். கண்ணாடிச் சன்னல். சாத்திட்டா எங்கிட்டுப் போகும்?

முத்திருளன்: ...ஊருல அதெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா.

ஞானசீலன்: ஸ்தோத்திரம் நர்சம்மா! என்ன, இன்னும் பேச்சுத்தானா? இந்தாங்க, மெட்ராஸ்ல இருந்து கரண்டுக் கணப்புக் காட்லாக் வந்துருச்சு. படத்தப் பாருங்க... செக்கச் செவேல்னு கம்பி, பின்னால வெள்ளித் தட்டு!

சகாயமேரி: ரைட்டரய்யா, ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுறவுகளா இருந்தாலும் செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க.

ஞானசீலன்: விட்டாச்சு, விட்டாச்சு. ஏப்பா முத்திருளா, இதுல நாலு வாங்கிப் போட்டா வார்டு பூரா வெயிலு அடிச்ச மாதிரி இருக்கும்ல?

முத்திருளன்: நாலு போட்டா பீஸ் போயிரும்யா. இந்த வார்டுக்கு லயன் இழுத்தே எட்டு மாசந்தான் ஆச்சு. விளக்குக்குன்னு இழுத்த கம்பி. அம்புட்டு கரண்டு தாங்காது. அதோட, கம்பி பக்கத்துல தொட்டில் துணி பறந்து விழுந்தா என்ன ஆகும்?

ஞானசீலன்: அப்ப இத வாங்குவோம். இரும்புக்குள்ள எண்ணெய் அடைச்சது. "சூடு அதிகம், கரண்டு கொஞ்சம்"னு கொட்ட எழுத்துல போட்டிருக்கான்.

முத்திருளன்: அதுதான்யா பொய்யி. கம்பியோ, எண்ணெயோ, என்ன எழவோ... எம்புட்டு கரண்டு உள்ள போகுதோ அம்புட்டுத்தான் சூடு. எல்லாத்துலயும் ஒண்ணுதான். அந்தச் சூட்ட எங்க வைக்கிறோம், எங்கிட்டும் ஓடிப் போகாம எப்பிடிப் புடிச்சு வைக்கிறோம்... மிச்சம் அதுலதான் இருக்கு.

ஞானசீலன்: வெள்ளக்காரன் அச்சடிச்சது பொய்யி, பரவைக்காரன் சொல்றது நெசம்!

முத்திருளன்: எங்க பரவைச் சந்தையிலயும்தான்யா, முந்தா நாளு பறிச்ச கத்திரிக்காய இப்பப் பறிச்சதுன்னு விக்கிறாக.

ஞானசீலன்: நர்சம்மா சிரிக்கிறீங்க... சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சுப் பாத்து ஒரு வருசமாச்சு.

சகாயமேரி: வேலையப் பாருங்க ரைட்டரய்யா. அந்தப் பெட்டி மெட்ராஸ்ல இருந்து எப்ப வரும்?

ஞானசீலன்: பதினஞ்சு நாள்... இருவது நாள்...

சகாயமேரி: புள்ளைக்கு இன்னிக்கு வேணும்.

ஞானசீலன்: அப்ப அஞ்சரை மணிக்கு வேலையாளு விருமாண்டி கரிய மூட்டிக் கொண்டாந்துருவான். எனக்கு அதான் உத்தரவு. வாரேன்.

சகாயமேரி: ...கேட்டியா? இப்ப மூணு ஆச்சு.

முத்திருளன்: போதும்மா. மொதல்ல இந்த வார்டச் சூடாக்குற நெனப்ப விட்ருவோம்.

சகாயமேரி: என்னது?

முத்திருளன்: இந்த மூலை மட்டும் போதும். ஏழடி ஒசரத்துல காடாத் துணிய ரெண்டு மடிப்பா பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுவோம். மூணு பக்கமும் உங்க துணித் தட்டிய நிறுத்துவோம். சூடு மேலயும் போகாது, அங்கிட்டும் போகாது. உள்ள புள்ளையும் தாயும்.

சகாயமேரி: சூடு? அதுக்கு என்ன பண்ணுவ?

முத்திருளன்: இந்தா... சாக்குக்குள்ள பாருங்க.

சகாயமேரி: பழைய பல்பு! வெளிச்சத்துக்கே ஆகாதுன்னு கழட்டிப் போடுறதுல்ல இதெல்லாம்?

முத்திருளன்: கார்பன் பல்பும்மா. திங்கிற கரண்டெல்லாம் சூடாப் போயிரும், வெளிச்சம் கொஞ்சூண்டு. அதான் எல்லாரும் கழட்டுறாங்க. நமக்கு அந்தச் சூடுதான வேணும்? எட்டு இருக்கு. எட்டும் சேந்து ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்குற கரண்டுதான் இழுக்கும். லயன் தாங்கும்.

சகாயமேரி: துணி பட்டுட்டா?

முத்திருளன்: வலைக்கூண்டு அடிச்சுக் கொண்டாந்திருக்கேன். நாலு நாளா அளந்தது சும்மா இல்ல.

சகாயமேரி: எட்டும் ஒரே சுவிச்சா?

முத்திருளன்: ஆமா.

சகாயமேரி: கூடாது. அதிகமானாலும் புள்ள தாங்காது. நாலு ஒண்ணு, நாலு ஒண்ணுன்னு ரெண்டா வை. நான் டெம்பரேச்சர் பாத்து அணைப்பேன். காத்து காஞ்சு போகாம ஒரு பேசின்ல தண்ணியும் வைக்கணும்.

முத்திருளன்: ...அடடா. இது எனக்குத் தோணல. பிடிங்கம்மா அந்த முனைய. இன்னும் இழுங்க... ஆங். கட்டிட்டேன். அந்தத் தட்டிய இங்கிட்டுத் தள்ளுங்க.

சகாயமேரி: மணி நாலரை.

முத்திருளன்: இந்தா, ஆச்சு. ரெண்டு சுவிச்சையும் போடுங்க.

சகாயமேரி: நீயே போடு.

முத்திருளன்: நீங்க போடுங்கம்மா.

சகாயமேரி: ...மாதாவே. எரியுது. எல்லாம் எரியுது.

முத்திருளன்: அரை மணி பொறுக்கணும்... அம்மா, சன்னக் காத்து உள்ள வருது பாருங்க. அந்த ரெண்டாவது சன்னலு.

சகாயமேரி: அது... தெறந்தே இருக்கட்டும்.

முத்திருளன்: கரியில்லம்மா இது. பல்பு பொகையாது. சாத்தலாம்.

சகாயமேரி: சரி... அட, இது சாத்த வரல. இறுகுது.

முத்திருளன்: கொண்டியத் தூக்கி, அப்பறம் அமுக்குங்க.

சகாயமேரி: ...ஆமா, வந்துருச்சு. இந்தக் கொண்டி சங்கதி உனக்கு எப்பிடித் தெரியும்?

முத்திருளன்: கொண்டின்னா... அப்பிடித்தான இருக்கும்.

சகாயமேரி: அப்ப நீயே வந்து சாத்தியிருக்கலாம்ல?

முத்திருளன்: கையெல்லாம் அழுக்கும்மா... டெம்பரேச்சரு என்ன காட்டுது?

சகாயமேரி: பாரன்ஹீட்டுல எழுபத்திரெண்டு இருந்துச்சு. இப்ப எழுபத்தெட்டு... ஏறுது. எம்பத்தொண்ணு... முத்திருளா, எம்பத்தஞ்சுய்யா!

முத்திருளன்: புள்ளையக் கொண்டாங்க.

சகாயமேரி: இருளாயி, எந்திரிக்காத, கட்டிலோட தள்ளிக்கிட்டு வாரோம். புள்ள என் கையில இருக்கு... இந்தா. ராசா... கண்ணு... பாதத்தப் பாரு, நீலம் மாறுது.

முத்திருளன்: ...தள்ளியே நிக்கிறேம்மா. நீங்க பாருங்க.

சகாயமேரி: விருமாண்டிகிட்டப் போயிச் சொல்லு, கரியில தண்ணிய ஊத்தச் சொல்லி.

முத்திருளன்: போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்மா. போற வழியிலயே எதுக்க வந்தாரு. ஊத்திட்டாரு.

சகாயமேரி: இருளாயி தூங்கிட்டா. ...முத்திருளா, இங்கிட்டு வா. உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

முத்திருளன்: எனக்கெதுக்கும்மா...

சகாயமேரி: சாமியாருகிட்டக்கூட சொல்லல. ஒரு வருசமாப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகல, பூசையில நன்மை அப்பம் வாங்கல. இந்தப் புள்ள பொழச்சு நின்னா வாயத் தெறக்குறதுன்னு மாதாவுக்கு நேந்திருந்தேன்.

முத்திருளன்: பேசின்ல தண்ணி கொறையுதும்மா...

சகாயமேரி: போன கார்த்திகை. அடமழை. இதே மூலை. தங்கப்பொண்ணுன்னு ஒருத்தி, இதே மாதிரி கொறமாசப் புள்ள. எல்லாச் சன்னலும் மழைக்குச் சாத்திக் கெடந்துச்சு. கணப்பு வச்சா ஒரு சன்னல் தெறந்திருக்கணும், டாக்டரம்மா உத்தரவு அது. ரெண்டாவது சன்னலத் தெறக்க வேண்டியது நானு. அங்கிட்டு ஒரு பிரசவம்னு கூப்பிட்டாங்க, ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா... சாத்திக் கெடக்கு. கரிப்பொகையில தாய் மயங்கிக் கெடந்தா. தூக்கி வெளிய போட்டோம், பொழச்சுக்கிட்டா. புள்ள தூங்குற மாதிரியே இருந்துச்சு.

முத்திருளன்: ...அந்தத் தாய் உங்கள ஏதாச்சும் சொன்னாளா?

சகாயமேரி: சொல்லியிருந்தாத் தேவலையே! என் கையப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போனா. "கொறமாசம், பலவீனம்"னு எழுதி வச்சேன். எல்லாரும் நம்பிட்டாங்க. தெறந்த மாதிரியும் ஞாபகம் இருக்கு, தெறக்காத மாதிரியும் இருக்கு. மறந்துட்டேன்யா. நான்தான் மறந்துட்டேன்.

முத்திருளன்: இப்ப... என்ன பண்ணப் போறீங்க?

சகாயமேரி: காலையில டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, இந்த உடுப்பக் கழட்டிக் குடுத்துட்டுப் போறேன். இனிமே ஒரு புள்ளையத் தொட எனக்கு யோக்கியத இல்ல.

முத்திருளன்: போகாதீங்கம்மா. இந்தப் புள்ளைக்கு உங்க கை வேணும். நீங்க மறக்கல... அது தெறந்துதான் இருந்துச்சு. தங்கப்பொண்ணு என் பொஞ்சாதி. நீங்க அங்கிட்டு ஓடுன பெறகு, மழைக்குச் சாக்கப் போத்திக்கிட்டு நான் பாக்க வந்தேன். அவ அசந்து தூங்கிக்கிட்டு இருந்தா. பச்சப்புள்ளைக்குக் காத்து ஆகாதேன்னு நெனச்சேன்... கொண்டி இறுகுச்சும்மா. தூக்கி அமுக்கித்தான் சாத்துனேன்.