கட் சொல்ல வேண்டியவன்

டெல்லியில் ஜனவரி மாதம் காலை பதினொரு மணிக்கு மேல்தான் வெயிலை நம்பலாம். அதற்கு முன் மூடுபனி. நாலு மணிக்கு மேல் வெளிச்சம் மஞ்சள் தட்டிவிடும். நடுவில் கிடைக்கிற அந்த ஐந்து மணி நேரத்தில் தப்பாகப் படம் எடுக்கிறவன் வேறு பிழைப்புக்குப் போகலாம். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு வெளிச்சம் சரியில்லை, தண்ணீரில் நடந்தது எனக்குத் தெரிந்திருக்காது என்று எனக்காக யாரோ போலீசில் சொல்லியிருக்கிறார்களாம். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்தது.

என் பெயர் பரமசிவம். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மத்திய அரசுத் துறை ஒன்றின் படப்பிரிவில் பதினாறு வருட சர்வீஸ். அணைக்கட்டு, கோதுமை அறுவடை, குடும்பக் கட்டுப்பாடு என்று எதை எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன். பதினாறு வருடத்தில் ஓர் அடி ஃபிலிம்கூட வீணாக்கியதில்லை. இந்த வாக்குமூலத்தை இந்தியில் சொல்லலாம் என்றார்கள். என் இந்தி காய்கறி விற்கிற சப்ஜிவாலாவிடம் பேரம் பேசப் போதும், இதற்குப் போதாது. கோர்ட்டில் சேஷன் என்று ஒருவர் மொழிபெயர்ப்பார் என்று சொன்னதால் தமிழில் எழுதுகிறேன். சேஷன் சார், கூட்டாமல் குறைக்காமல் போட்டால் போதும்.

பூவராகவனை எனக்கு 1982 தீபாவளி சமயத்திலிருந்து தெரியும். மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பையன். அப்பா அண்டர் செக்ரட்டரி. தமிழ் பேசுவான், ஆனால் பஸ் போர்டைக்கூடத் தமிழில் படிக்க வராது. சினிமாப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிய ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் பேய்ப்படம் எடுக்க ஆசைப்பட்டான். ஃபிலிம் மாட்டவும் வெளிச்சம் அளந்து சொல்லவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிர்காவில் என் அறைக்கு வந்து நின்றான்.

முனிர்காவில் என்னோடு என் தங்கை தங்கம் இருந்தாள். அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். டைப்பிங் படித்துக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. மொட்டை மாடியில் வடாம் போட்டுவிட்டு, குரங்கு தின்றுவிட்டுப் போனால் என்னைத் திட்டுவாள், குரங்கைத் திட்ட மாட்டாள். பூவராகவன் டீயைக் குடித்துக்கொண்டே அவளையே பார்த்தான். தப்பான பார்வை இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். டைரக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"பரமு அண்ணா, என் படத்துப் பேய் இவதான்" என்றான்.

"பேய்க்குச் சம்பளம் உண்டா?" என்று தங்கம் கேட்டாள். சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

முனிர்காவைத் தாண்டி, கீக்கர் முள்மரக் காட்டுக்குள் ஒரு பழைய படிக்கிணறு. இங்கே பாவ்லி என்பார்கள். எந்த சுல்தான் காலத்ததோ. அறுபது எழுபது படி இறங்கினால் பச்சைத் தண்ணீர். கதை சின்னதுதான். அதில் மூழ்கிச் செத்த பெண் ராத்திரியில் வழிப்போக்கர்களைக் கூப்பிட்டு உள்ளே இழுக்கிறாள். ராத்திரியில் எடுக்க விளக்குக்கு எங்கே போவது? பகலிலேயே எடுத்தோம். லென்ஸுக்கு முன்னால் நீல ஃபில்டரைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து உள்ளே விட்டால், பன்னிரண்டு மணி வெயில் நடுநிசி நிலாவாக மாறிவிடும். இது பழைய வித்தை. சரியாகச் செய்ய ஆள் வேண்டும்.

கேமரா காலேஜுடையது. சாவி கொடுத்து ஓட்டுகிற பதினாறு எம்.எம். கேமரா. முழுக்கச் சுற்றினால் இருபத்தெட்டு விநாடி உர்ரென்று ஓடும், தானாக நிற்கும். அதில் சத்தம் பதிவாகாது. பேச்சும் அலறலும் பிறகு சேர்ப்பது. ஃபிலிம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. அதனால் முதல் நாளே பூவராகவன் ஒரு விதி போட்டான். கேமரா சத்தம் கேட்கிற வரை ஒருத்தரும் அசையக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. கட் சொல்வது டைரக்டர் ஒருவன்தான். ஜம்பு என்று ஒரு பையன், வெள்ளித்தாள் ஒட்டிய பலகையில் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறவன், ஒரு தடவை நடுவில் தும்மித் தொலைத்தான். பூவராகவன் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டான். அதற்குப் பிறகு யாரும் தும்மவில்லை.

1983 ஜனவரி ஒன்பதாம் தேதி தங்கம் தண்ணீரில் இறங்கினாள்.

"நீச்சல் வருமா தங்கம்?" என்று பூவராகவன் கேட்டான்.

"ஆத்தங்கரையில பொறந்தவகிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்றாள்.

அதோடு, இடுப்பில் கயிறு கட்டலாம் என்ற பேச்சு போயிற்று. தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவளுக்கு ஒரு பாவ்லி எம்மாத்திரம் என்று எல்லோரும் நினைத்தோம். ஆறு வேறு, ஆறு கஜம் புடவையோடு ஜனவரித் தண்ணீரில் பாசி பிடித்த படியில் நிற்பது வேறு. ஒரு அடையாளம் மட்டும் வைத்துக்கொண்டார்கள். நடிப்பில் இடது கையைத்தான் நீட்ட வேண்டும். நிஜமாக ஏதாவது என்றால் வலது கை. வலது கையைப் பார்த்தால் உடனே கட்.

கேமரா ஓடியது. தண்ணீருக்கு அடியில் ஒரு படி உடைந்து கிடந்தது. அந்த இடுக்கில் அவள் கால் மாட்டிக்கொண்டது. பதினொன்றாவது விநாடியில் வலது கை மேலே வந்தது. பூவராகவன் கட் சொல்லவில்லை. இருபத்தெட்டாவது விநாடியில் கேமரா தானாக நின்றது. அப்போதுதான் ஜம்பு பலகையைப் போட்டுவிட்டு ஓடினான். காலை இடுக்கிலிருந்து எடுக்கவே நேரமாயிற்று. மேலே கொண்டு வந்து போட்டபோது அவள் உதடு நீலமாக இருந்தது. அவ்வளவுதான்.

பதினொன்றாவது விநாடி என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த ரோலை நான்தான் எங்கள் லேபில் கழுவினேன். எடிட்டிங் மெஷினில் போட்டு ஒரு மாதம், தினம் சாப்பாட்டு வேளையில் பார்த்தேன். பதினேழு விநாடி அவள் வலது கை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. கட் என்பது ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு விநாடி ஆகாது. அதைச் சொல்ல வேண்டியவன் எங்கே இருந்தான்? மேல்படியில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து சாம்பிராணிப் புகை போட்டுக்கொண்டிருந்தான். புகை சரியாக வரவில்லையாம். டைரக்டர் செய்கிற வேலையா அது? இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

போலீசில் விபத்து என்று எழுதினார்கள். பூவராகவன் எல்லாம் தன் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தான். அவன் அப்பாவின் பதவிக்கு மரியாதை கொடுத்து அதோடு விட்டுவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் முனிர்காவுக்கு வந்தான். சாஷ்டாங்கமாக விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டான். "என்னை அடிங்கோ பரமு அண்ணா, திட்டுங்கோ, ஏதாவது பண்ணுங்கோ" என்று அழுதான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு அவன்மேல் இருந்தது வெறுப்பு. அதற்கு வேறு நல்ல பெயர் கொடுக்க நான் தயாராக இல்லை.

அவசரப்படவில்லை. அவன் வாரம் ஒரு தடவை வருவான். சரோஜினி நகர் மார்க்கெட்டில் எனக்கு ஸ்வெட்டர் வாங்கி வருவான், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வருவான். ஜனங்கள் பார்த்து, எவ்வளவு நல்ல பையன் என்றார்கள். நானும் ஆமாம் என்பேன். நவம்பரில் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்தப் படத்தை முடிச்சு அவ பேரைப் போடணும் அண்ணா. ஒரு ஸீன்தான் பாக்கி. வழிப்போக்கனை அவ இழுக்கறா. அந்த வழிப்போக்கனா நானே தண்ணில நிக்கறேன். அவ நின்ன இடத்துல நான் நிக்கணும்."

"கட் யாரு சொல்லுவா?" என்றேன்.

"நீங்கதான். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

"சரிடே. சொல்லுதேன்."

அவனுக்கு நீச்சல் தெரியாது. டெல்லிப் பையன்கள் எங்கே நீந்துவது? இந்தத் தடவை கயிறு உண்டு என்று அவனே ஏற்பாடு செய்தான். தூத்துக்குடிப் பையன் அந்தோணி, முனிர்காவில் தங்கிப் படிக்கிறவன், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வான். நான் அந்தோணியிடம் ஒன்று சொல்லி வைத்தேன். கயிறு விறைத்தால் ஃப்ரேமில் தெரியும், ஆகவே நான் கட் சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும். இது பொய்யில்லை. எந்தக் கேமராமேனும் இதைத்தான் சொல்வான்.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால் வெளிச்சம் பார்க்க என்று தனியாகப் போனேன். ஒரு மூங்கில் கழியை விட்டுத் துழாவி, உடைந்த படியைக் கண்டுபிடித்தேன். நடிகன் எங்கே நிற்க வேண்டும் என்று அடையாளம் வைப்பது எங்கள் வழக்கம். அந்த இடுக்குக்கு ஒரு படி மேலே வெள்ளை அடித்த செங்கல்லை வைத்தேன். அவன் மார்க்கில் நின்று, கதைப்படி ஓர் அடி பின்னால் வைத்தால் கால் நேரே அதில் போகும். வழிப்போக்கன் வேஷத்துக்கு என்னுடைய கம்பளி ஓவர்கோட்டைக் கொடுத்தேன். தண்ணீர் குடித்தால் அது ஒரு சிமெண்ட் மூட்டை கனம் இருக்கும். போட்டுக்கொண்டு, "தண்ணி ரொம்பக் குளிருமா அண்ணா?" என்று கேட்டான். குளிரும் என்று சொன்னேன்.

1984 ஜனவரி எட்டாம் தேதி, மதியம் பன்னிரண்டே கால். சாவியை முழுக்கச் சுற்றி ஓட்டினேன். நான் நினைத்த இடத்தில் கால் போயிற்று. எட்டாவது விநாடியில் வலது கையைத் தூக்கினான். அதே அடையாளத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம். என்னைப் பார்த்துத்தான் தூக்கினான். கேமரா நின்றதும், "அப்படியே இருங்க, அடுத்த ஷாட் இதோடயே சேருது" என்று சொல்லிவிட்டு மறுபடி சுற்றினேன்.

"சார், அவன் நடிக்கல சார்" என்றான் அந்தோணி.

நான் திரும்பாமல், பொறு என்று இடது கையின் ஒரு விரலை உயர்த்தினேன். சாவியின் உர்ர் சத்தம் மறுபடி கேட்டது. நல்ல பையன், சொன்ன சொல் தட்டாதவன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஜம்பு பலகையை ஆடாமல் பிடித்திருந்தான். அவனும் பழைய திட்டை மறக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது தடவையும் சுற்றினேன். அது நின்ற பிறகு கட் சொன்னேன். நான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், சொன்னேன்.

ரோலை நானே கழுவி, தங்கத்தின் பழைய ரோலோடு சேர்த்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். புதியதில் மூன்று தடவை இருபத்தெட்டு விநாடி. கவனக்குறைவு என்று அவர்கள் எழுதிவிடக் கூடாது என்பதால்தான் கொடுத்தேன். பூவராகவனை நான் கொன்றேன். தெரிந்து, நாள் குறித்து, என் தங்கைக்காகக் கொன்றேன். இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆனால் நேற்று இன்ஸ்பெக்டர் இரண்டு ரோலையும் பார்த்துவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டார். "பெஹலி பார் கேமரா கௌன் சலா ரஹா தா?" முதல் தடவை கேமராவை ஓட்டியது யார் என்று.

நான்தான். ஃபிலிம் மாட்டப் போனவன், மாணவர்கள் கையில் ஃப்ரேம் ஆடுவதைப் பொறுக்காமல் இரண்டாம் நாளே கேமராவை வாங்கிக்கொண்டேன். புகைக்கும் தூணுக்கும் பின்னால் இருந்த பூவராகவனுக்குத் தண்ணீர் தெரியவில்லை. ஜம்புவின் கண்ணில் வெயில். தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். வலது கை வந்ததை நான் பார்த்தேன். விரல் நுனியில் வெளிச்சம் அவ்வளவு பிரமாதமாக விழுந்திருந்தது. தவிர, கட் சொல்வது என் வேலை இல்லை.

இது பூவராகவனுக்குத் தெரியும். போலீசில் அவன் சொல்லவில்லை. அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் என் அறைக்கு வந்து டீ குடித்துப் போனவன், நீங்க பாத்தேளே அண்ணா என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.