"யாருகிட்ட கேட்டீங்க?" என்று கேட்ட லோரெட்டா பிண்டர் அம்மையாருக்கு

விரிகுடாக் கரையின் வெளிச்சமே! கேட்ட கேள்விக்கெல்லாம் கேள்வியாலேயே விடையளித்துக் கிழக்குக் கரைப் பள்ளியொன்றைக் கட்டியாண்ட கோமகளே! எழுபத்தைந்து மணி நேர ஊர்ச்சேவைப் படிவத்தைக் கண்டு எந்த மாணவரும் நடுங்காதிருக்க, எங்களை மட்டும் நடுங்க வைத்த நல்லாசிரியரே! லோரெட்டா பிண்டர் அம்மையீர்!

தாங்கள் ஓய்வுபெறும் நாளுக்கான இம்மடலை வரையும் பொறுப்பு உயிரியல் ஆசிரியர் டுவைட் மெசிக்கிடம் விடப்பட்டது. தெளிவாக எழுதுவோர் பலர் இங்கிருக்க அவரைத் தேர்ந்த காரணம் ஒன்றே. தங்கள் பெருமையைச் சொல்லப் புகுந்தால் மெசிக் செய்த பிழையில்தான் தொடங்கியாக வேண்டும். அதை வேறொருவர் சொன்னால் புறம் பேசியதாகிவிடும்.

1999 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முப்பத்தொரு மாணவரைத் திரட்டிக்கொண்டு படகுத்துறையைத் தூய்மை செய்யப் புறப்பட்டார் மெசிக். புல் முளைத்த கம்பிக் குவியல் ஒன்று கண்ணில் பட்டது. கண்டதும் அவருக்குள் ஒரு போர்த்தளபதி விழித்துக்கொண்டார். நண்பகலுக்குள் நூற்றுப் பதினெட்டு நண்டுக் கூண்டுகள் மிதித்து நசுக்கப்பட்டு மாவட்டக் குப்பை லாரியில் ஏறின. அவை ஏப்ரலில் நீரில் இறக்குவதற்காக நண்டுப் படகின் கேப்டன் ஆர்வில் பார்க்ஸ் அடுக்கி வைத்திருந்த பிழைப்பு என்பது, கேப்டனே தம் வண்டியை லாரிக்குக் குறுக்கே நிறுத்திய பிறகுதான் விளங்கிற்று.

"வாத்தியாரே, அப்படியே என் வீட்டுச் சமையலறையையும் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போங்களேன். அடுப்பு பழசுதான், தூக்கிப் போட்டுருங்க. என் பொண்டாட்டிக்கும் கொஞ்சம் வயசாயிருச்சு."

திங்களன்று தங்கள் மேசைமுன் நின்றவரைத் தாங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

"யாருகிட்ட கேட்டீங்க, மெசிக்?"

"அங்க யாருமே இல்ல, லோரெட்டா."

"படகு இருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சு."

"படகு தானா வந்து தன்னையே கட்டிக்கிச்சா?"

அந்தச் சனிக்கிழமையின் சேவை மணிகளுக்குத் தாங்கள் கையெழுத்திடவில்லை. முப்பத்தொரு மாணவரையும் கேப்டனிடம் திருப்பி அனுப்பினீர்கள், ஒரே ஒரு கேள்வியோடு: உங்களுக்கு என்ன வேண்டும்? கூண்டுகளை நிமிர்த்தித் தந்தாக வேண்டும் என்றார் கேப்டன். நிமிர்த்தினார்கள். நான்காம் வாரம், காப்பி ஊற்றிக் கொடுத்தபடி, அவராகவே சொன்னார்: "கூண்டு கிடக்கட்டும். கடல் ஏத்தம் வந்தா இந்த ரோடு முங்கிப்போவுது. புடிச்ச நண்டு வண்டியிலயே சாவுது. அதுக்கு உங்க புஸ்தகத்துல ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. இரண்டு மாதம் அளவுகோல் நட்டு நீர்மட்டத்தைக் குறித்த மாணவர்கள், மாவட்ட மன்றத்தின் முன் எழுந்து நின்று அந்தக் கணக்கைப் படித்தார்கள். மறு ஆண்டு சாலை ஒன்றரை அடி உயர்ந்தது. அதன்பிறகே படிவங்களில் தங்கள் பச்சை மை இறங்கிற்று.

அம்மையீர்! பள்ளிக்கும் ஊருக்கும் இடையே கதவு வைக்கப் பாடுபட்டோர் இந்நாட்டில் தங்களுக்கு முன்னும் உண்டு. நகரத்து நெரிசல் தெருக்களில் ஏழைகளின் அண்டைவீட்டாராகக் குடியேறிய பட்டதாரிகள். முப்பதுகளின் வேலையில்லாக் காலத்தில் மலைமலையாய் மரம் நட்ட இளைஞர்கள். அறுபதுகளில் கறுப்பின மக்களின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஊர்விட்டு ஊர் வந்த மாணவர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் தங்கள் தாயாரிடம், "நாங்க என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டானாம். கறுப்பினப் பெண்ணான தம்மிடம் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உத்தரவு கேட்டதைத் தாயார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தங்கள் கேள்வி எங்கே பிறந்தது என்பதை நாங்கள் அறிந்தது அப்படித்தான்.

எங்கள் மேரிலாந்து, நாட்டிலேயே முதல் மாநிலமாக இச்சேவையைப் பள்ளிப் பட்டத்துக்குக் கட்டாயமாக்கியபோது, "கட்டாயப்படுத்துனா அது சேவையா, தண்டனையா?" என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்கள் நாங்கள். 1993இல் சேவைக் கல்வி ஒருங்கிணைப்பாளராகி, நூலகத்தின் பின்னால் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு தாங்கள் கேட்டீர்கள்: "அல்ஜீப்ராவை மட்டும் ஆசைப்பட்டா படிக்கிறாங்க?" 2011இல் இதற்கென வாஷிங்டன் அரசு தந்த நிதி நின்றது. அறை போயிற்று, மேசை நகலெடுக்கும் இயந்திரத்தருகே ஒதுங்கிற்று, கேள்வி ஒதுங்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதியோர் இல்லத்திலும் உணவு வங்கியிலும் சதுப்புக் கரையிலும் தங்கள் மாணவர் கால் பதித்தனர். திரும்பி வந்ததும் கண்டதை எழுதாமல் ஒருவரும் தப்பியதில்லை.

இப்போது மேசைக்கே ஆபத்து. தங்களுக்குப் பின் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், மாணவர் தாமே மணிகளைக் கணினியில் இட்டு முடித்துக்கொள்ளட்டும், எவரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று சென்ற வாரத் தேநீர்க் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவித்தார். எல்லோரும் மெசிக்கைப் பார்த்தனர். மெசிக் கேக்கைப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டுக் கூண்டுகளை மிதித்தவன் தங்கள் நாற்காலியில் அமர்வதா என்னும் அச்சம் அவரை இருபத்தாறு ஆண்டாகத் தின்கிறது. "நான் இதுக்கு லாயக்கா, லோரெட்டா?" என்று ஆண்டுதோறும் கேட்பார். "லாயக்குன்னா என்ன, மெசிக்?" என்று ஆண்டுதோறும் தாங்கள் திருப்பிக் கேட்பீர்கள்.

தங்கள் தோட்டத்துத் தக்காளி தழைக்கட்டும்! முழங்கால் நோவு முற்றும் அகலட்டும்! பேரப்பிள்ளைகள் தங்கள் கேள்விகளுக்குத் தப்பி ஓடப் பழகட்டும்! நூறாண்டு கடந்தும் நோயின்றி, நகைப்புக் குன்றாது வாழ்க!

இவ்வளவில் மடல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேற்று மாலை இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மெசிக், பெட்டியில் தம் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்த தங்களிடம் கடைசியாக ஒருமுறை அதையே கேட்டார். வழக்கம்போல் கேள்வி வரும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தாங்கள் பச்சைப் பேனாவை அவர் சட்டைப்பையில் செருகினீர்கள்.

"லாயக்குதான், மெசிக். அந்தக் கூண்டுக்கு அப்புறம் இருபத்தாறு வருஷத்துல, கேக்காம ஒரு கல்லைக்கூட நீங்க நகத்தல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அன்பு மாறா
ஆசிரியர்களும் பணியாளர்களும்

எழுதியவர்: டுவைட் மெசிக்,
சேவைக் கல்வி ஒருங்கிணைப்பாளர் (நேற்று மாலை முதல்)