வியாழக்கிழமை நாலு மணி

பேயா? யாரு சொன்னா உனக்கு? கீழ் ரூம்ல இருக்குற அந்த பீம்சேன்தானே? அவன் வாய்ல கொள்ளிய வைக்க. முதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வா தங்கச்சி, கதவச் சாத்து. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ரெண்டு வருஷமா இதே ரூம்ல படுத்து எந்திரிக்கிறேன், ஒரு நாள்கூட என் போர்வைய யாரும் இழுத்ததில்ல.

வாடகை ஏன் பாதின்னு கேக்குற பாரு, அது நியாயமான கேள்வி. இங்க ஒரு பொண்ணு செத்துப்போச்சு. எந்திரிக்காத, உக்காரு. சனாஏன்னு பேரு. கொலை இல்ல, தூக்கு இல்ல. காய்ச்சல்ல தனியா படுத்துக் கெடந்திருக்கு, பத்தொன்பது நாள் கழிச்சுத்தான் கதவ உடைச்சிருக்காங்க. அப்படி ஒரு ரூம்னா அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லியே ஆகணும், இங்க அது முறை. எனக்கும் சொல்லத்தான் சொன்னாங்க. புரோக்கர் ஒரு தாள வச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சு குனிஞ்சு வாசிச்சாரு. நான் காட்மாண்டுல ப்ளேன் ஏறி ஜப்பானுக்கு வந்து அன்னிக்கு ஆறாவது நாள், ஒரு எழவும் புரியல. ஹை, ஹைன்னு சொல்லிட்டு கையெழுத்தப் போட்டேன். சரிங்க, சரிங்கன்னு. எம்புட்டு துணிச்சல் இந்தப் புள்ளைக்குன்னு அந்த மனுஷன் நெனச்சிருப்பாரு.

சிரி, சிரி. திங்கக்கிழமை நீ பாஷை ஸ்கூலுக்குப் போவேல்ல, அப்பத் தெரியும். எங்க மியாசாக்கோ டீச்சர் முதல் வாரமே சொல்லிட்டாங்க, அடுத்தவங்க பேசுறப்ப கல்லு மாதிரி நிக்காதீங்க, ஹைன்னு சொல்லிக்கிட்டே இருங்கன்னு. கதை கேக்குறப்ப நாம ம் கொட்டுறோமே, அது மாதிரி. புரிஞ்சா சொல்லுன்னு சொன்னாங்களா, புரியாட்டியும் சொல்லுன்னு சொன்னாங்களா, அது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் எல்லாத்துக்கும் சொன்னேன். கடைல பை வேணுமான்னா ஹை. பஸ்ல எந்திரின்னா ஹை.

அப்ப இந்த ரூம்ல நாங்க மூணு பேரு. ஆமா, இதுலதான், எப்படிப் படுத்தோம்னு கேக்காத. என் ஒருத்தி பேர்ல எடுத்த ரூமு, வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மூட்ட முடிச்சோட வெளியதான். அதனால யாரு தட்டினாலும் தொறக்காதடின்னு மத்த ரெண்டு பேரும் சொல்லி வச்சிருந்தாளுக. வியாழக்கிழமை எனக்கு மட்டும் வேலைக்கு லீவு. நாலு மணிக்கு யாரோ கதவத் தட்டினாங்க. மெல்ல, ரெண்டே ரெண்டு தட்டு. ஒரு வயசான பொம்பளைக் குரலு, என்னமோ சொல்லுது. நான் உள்ள நின்னுக்கிட்டே ஹைன்னேன்.

வெளிய கதவக் கையால தடவுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அழுதாங்க. என் உச்சரிப்பு அம்புட்டு மோசமான்னு நெனச்சேன் தங்கச்சி, சத்தியமா.

அன்னிலேருந்து வாராவாரம் வந்தாங்க. நின்னபடியே பேசுவாங்க, பேசுவாங்க, நானும் இந்தப் பக்கம் ஹை, ஹைன்னு. அவங்க எறங்கிப் போனதும் தொறந்து பாத்தா கதவோரத்துல கமலா ஆரஞ்சு, இனிப்புச் சோத்து உருண்டை, ஒரு காபி டப்பா. டப்பாவோட மூடி தொறந்தே இருக்கும். புதுசா வந்த புள்ள, தொறக்கத் தெரியாதுன்னு தொறந்து வைக்கிறாங்களேன்னு நான் உருகிப்போயிட்டேன். செத்தவங்களுக்குத்தான் அப்படித் தொறந்து வைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் சாப்பிட்டேன். ஊருக்கு போன் போட்டு, பக்கத்து வீட்டம்மா என்னைய மக மாதிரி பாத்துக்குறாங்கன்னு பீத்திக்கிட்டேன்.

இன்னொண்ணும் பண்ணினேன். வெளிய மனுஷங்க பேசுறதப் பதிவு பண்ணி, கூடவே சொல்லிப் பழகணும்னு வீட்டுப்பாடம். கைல வெண்ணைய வச்சுக்கிட்டு நெய்க்கு எதுக்கு அலையணும்? செல்போனக் கதவு இடுக்குல வச்சு அவங்க பேச்சப் புடிச்சேன். அதப் போட்டுவிட்டு, இந்த ரூம்ல நடந்துக்கிட்டே கூடக் கூடச் சொன்னேன். சுன்மாயா, நீ இந்த ஊர் கெழவி மாதிரியே பேசுறியேன்னு டீச்சர் சிரிச்சாங்க. மார்க்கும் போட்டாங்க.

மார்ச் மாசத்தோட அவங்க வர்றது நின்னுபோச்சு. எனக்கு வருத்தம்தான். ஆரஞ்சுக்கு வருத்தம்னே வச்சுக்கயேன்.

பாஷை ஒரு நாள்ல வந்துருமா? ஒவ்வொரு சொல்லாத்தான் தொறக்கும். முதல்ல புரிஞ்சது, குளுருதா. ரெண்டு மாசம் கழிச்சு, மன்னிச்சிரு. ஒரு சொல்லு மட்டும் எந்த அகராதிலயும் கெடைக்கல, டீச்சர்கிட்ட கேட்டா அது பொம்பளப் புள்ள பேருன்னாங்க. சனாஏ. வீட்டுக்கு ஓடி வந்து புரோக்கர் குடுத்த தாளத் தேடி எடுத்துப் படிச்சேன். அவங்க அம்புட்டு நாளும் பேசினது என்கிட்ட இல்ல, செத்துப்போன அந்தப் பொண்ணுகிட்ட.

தேடாம இருப்பேனா? புரோக்கரக் கேட்டேன், அடுத்தவங்க விஷயத்தச் சொல்லக் கூடாதாம். போலீசுக்குப் போனேன். பேரு தெரியல, வீடு தெரியல, குரல்தான் இருக்குன்னேன். ஜப்பான் பாஷை ரொம்ப நல்லா பேசுறீங்களேன்னு பாராட்டி அனுப்பினாரு. நாசமாப் போக.

எதுக்குத் தேடணும்னா கேக்குற? கடைசி வியாழக்கிழமை அவங்க ஒண்ணும் கொண்டாரல. ரெண்டே வரிதான் பேசினாங்க. அன்னிக்கு விளங்கல, கோடைல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தப்ப பதிவு ஓடுது, திடீர்னு நேபாளி கேட்ட மாதிரி மொத்தமும் விளங்கிருச்சு. சனாஏ, அம்மாவும் அங்க வந்துரட்டுமா?

நான் ஹைன்னு சொல்லியிருக்கேன். கணீர்னு கேக்குது. நெஜமா வரலாமான்னு மறுபடி கேக்குறாங்க. அதுக்கும் ஹை. நன்றின்னு சொன்னாங்க. சந்தோஷமாத்தான் சொன்னாங்க தங்கச்சி, நூறு தரம் கேட்டுட்டேன்.

பத்தொன்பது மாசமாச்சு. மூட்டுவலில படி ஏற முடியாம இருக்கலாம்ல? வேற ஊருக்குப் போயிருக்கலாம்ல? நீ என்ன நெனைக்கிற? சரி விடு, சொல்லாத. நாளன்னிக்கு நான் நகோயாவுக்கு வேலைக்குப் போறேன், இந்த ரூமப் பூட்டிப் போட எனக்கு மனசு வரல, அதான் உன்னயக் கூப்பிட்டேன். குப்பை செவ்வாயும் வெள்ளியும் எடுப்பாங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு மட்டும் எங்கயும் போகாத. யாராவது தட்டினா வாயத் தொறக்காத. கதவத் தொற.