வில்னோரின் கயிற்றுப் பிடி

இந்த மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடுகிறது, இன்ஸ்பெக்டர். யாரையாவது விட்டு எண்ணெய் போடச் சொல்லுங்கள். இந்தச் சத்தத்தில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருவது என் தொழில். என் மேசைக்கு வந்ததெல்லாம் ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் அனுப்பியவை. நம் தீவுக்காரன் ஒருவன்கூட என்னிடம் வந்து தன் பெயரில் ஒன்றும் வாங்கியதில்லை. நம் ஆட்களுக்கு மூளை இருக்கிறது, வாய்தான் சும்மா இருக்காது. எதையாவது செய்தால் அன்று மாலையே கள் குடிக்கிற இடத்தில் நாலு பேருக்குக் காட்டிவிடுவார்கள். ஊருக்குக் காட்டியதைச் சட்டம் புதியது என்று ஏற்காது.

அப்போதுதான் பக்கத்துத் தீவான லா டீக்கிலிருந்து வில்னோர் வந்தான். கடல் அட்டைக்காக முக்குளிப்பவன். அவன் தம்பி ரெனால்ட் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில், இரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறி, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இன்னொருவனுக்கு அப்படி ஆகக் கூடாது என்று வில்னோர் பித்தளையில் ஒரு கயிற்றுப் பிடி செய்திருந்தான். ஒரு முனை நங்கூரக் கயிற்றைக் கவ்வும், மறுமுனை இடுப்பில். உள்ளே ஒரு சிறு துளை. இறங்கும்போது பிடி தாராளமாக நகரும்; மேலே வரும்போது மட்டும் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியக் கசியத்தான் நகரும். எவ்வளவு பதறினாலும் அதைவிட வேகமாக வர முடியாது.

அதைப் பார்த்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நம் ஆள் ஒருவனின் பெயரை எழுதப்போகிறேன். விண்ணப்பத்தில் சின்னக் குறையும் இருக்கக் கூடாது என்று படங்களைத் திரும்பத் திரும்ப வரைய வைத்தேன். அதற்குள் ஆகஸ்ட் மாதத் திருவிழா வந்துவிட்டது. அன்று பாதிரியார் படகுகளை மந்திரிப்பார். எல்லார் கண்ணெதிரிலும் கடலில் இறக்கி மந்திரிக்காத எதையும் வில்னோரின் கூட்டாளிகள் ஆழத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தவறினால் அடுத்த வருஷம்தான்.

நான் அவன் வீட்டுக்கே போனேன்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ வில்னோர். விண்ணப்பம் போய்ச் சேரட்டும்."

"எப்பப் பாத்தாலும் இதேதான் சொல்றீங்க. போன மாசம் எங்ககூட முக்குளிச்ச பசீலோட மகனப் பொணமாத் தூக்கிட்டு வந்தாங்களே, அவன்கிட்டயும் பொறுத்துக்கோன்னு சொல்லுவீங்களா?"

"காட்டிட்டா உன் உரிமை போயிடும்."

"போனாப் போவுது, வக்கீலய்யா. எனக்கு அது வேணாம். எல்லாரும் செஞ்சுக்கட்டும்."

அவன் மனைவி மரீஸ் மீனை அரிந்துகொண்டே சிரித்தாள். "காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா, இந்தப் பித்தளையக் கட்டிக்கிட்டு அழுவீங்களா நீங்க?"

அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்னால் தாங்க முடியாமல் போனது அவன் சொன்ன அந்த "வேணாம்"தான்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊரார் முன் காட்டியது வேலை செய்திருந்தால்தான் அது காட்டியதாகும். வேலை செய்யாத பொருளைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. திருவிழா அன்று எல்லாரும் பூசையில் இருந்தபோது பிடி படகில் கிடந்தது. முத்திரை வைக்கிற சிவப்பு அரக்கு என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். தீக்குச்சியில் உருக்கி, ஓர் அரிசி அளவு எடுத்து, அந்தத் துளையில் வைத்து அழுத்தினேன். பிடி சிக்கிக்கொள்ளும், அவன் கழற்றிவிட்டு மேலே வருவான், ஊர் சிரிக்கும். மறுநாள் நான் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். அவ்வளவுதான் என் திட்டம்.

பாதிரியார் தண்ணீர் தெளித்தார். வில்னோர் காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு, கையாட்டிவிட்டு இறங்கினான். கரையில் பாட்டு, சுட்ட மீன், கள். யாருக்கும் கவலை இல்லை. மெதுவாக வருவதுதானே அந்தக் கருவியின் பெருமை.

ரெனால்ட் மட்டும் படகில் உட்கார்ந்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் இன்னும் வரல, வக்கீலய்யா."

"மெதுவாத்தான் வருவான். அதுதானே இதோட வேலையே," என்றேன்.

மரீஸும் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். கயிறு சிறிது நேரம் பலமாக ஆடியது. யாரோ கைதட்டினார்கள். பிறகு ஆடவில்லை. ரெனால்ட் கழுத்திலிருந்த சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்தக் கால்களோடு, கடலில் விழுந்தான். இரண்டு பேரையும் மேலே இழுத்தார்கள். மூச்சு ரெனால்டுக்குத்தான் இருந்தது.

அந்தச் சாவியைப் பற்றித்தான் நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். தண்ணீருக்குள் வில்னோரால் அதைக் கழற்ற முடியாது என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா?

அவன் என்னிடம் வந்த முதல் நாளே, என் அலுவலகத்தில், பிடியை என் இடுப்பில்தான் மாட்டிக் காட்டினான். பட்டைக்குப் பதில் பிரேக் கம்பி, அதில் ஒரு பூட்டு. "இப்பக் கழட்டுங்க பாக்கலாம்," என்றான். நகம் பிய்கிறவரை முயன்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பயந்தவன் கை மொதல்ல இதத்தான் கழட்டும், வக்கீலய்யா. அதான் சாவி படகுலயே இருக்கும்," என்று சொல்லித் திறந்துவிட்டான்.

தெரியும், இன்ஸ்பெக்டர். தெரிந்துதான் அடைத்தேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அன்று கரையில் இருந்த ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாளே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். வில்னோரின் உரிமையில் ஒரு கீறல்கூட விழவில்லை.